அம்மாவின் பழைய டிவிஎஸ் கோல்டு கீபோர்டு: 800 ரூபாய்க்குள் சரிசெய்ய முடியுமா?

காலண்டர்தாள்

வணக்கம். சிவகாசியிலிருந்து எழுதுகிறேன். அம்மா வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறார். கல்யாணப் பத்திரிகை, காலண்டரின் அடியில் வரும் கடை முகவரி, பில் புக், கோயில் விழா நோட்டீஸ் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பார். தமிழ்99 கீபோர்டு முறையில்தான் அடிப்பார், கீபோர்டைக் குனிந்தே பார்க்க மாட்டார். பதினெட்டு வருடமாக ஒரே கீபோர்டு, டிவிஎஸ் கோல்டு, பின்னால் உருண்டை பிளக் இருக்கும் பழைய பிஎஸ்/2 மாடல். கீயின் மேல்மூடியை, அதாவது கீகேப்பைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே நீல நிறத்தில் கூட்டல் குறி மாதிரி இருக்கிறது, கீயின் அடியில் இருக்கும் ஸ்விட்ச் செர்ரி எம்எக்ஸ் ப்ளூ ரகம் என்று தெரிந்துகொண்டேன்.

போன மாதம் நான் டீயைக் கொட்டிவிட்டேன். உடனே கவிழ்த்துத் துடைத்தோம், இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் எஃப் கீ செத்துவிட்டது. தமிழ்99 தெரிந்தவர்களுக்கு இது என்ன கொடுமை என்று புரியும், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற கீ அதுதான். ‘அழைப்பிதழ்’ என்று அடித்தால் நடுவில் இருக்கும் ‘ப்’ வந்துவிடுகிறது, பகரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும் இல்லையா, ஆனால் கடைசி எழுத்து வெறும் ‘ழ’வாக நிற்கிறது. ‘திருமணம்’ என்பது ‘திருமணம’. இது போதாதென்று எச் கீ, அதாவது ‘க’, ஒரு தடவை தட்டினால் சில சமயம் இரண்டாக விழுகிறது. அதற்கும் தானாகப் புள்ளி வந்து ‘முகவரி’ என்பது ‘முக்கவரி’ ஆகிறது. ஒரு பத்திரிகையில் அப்படியே ப்ரூஃப் வரைக்கும் போய், நல்ல வேளை, பெண் வீட்டார் பார்த்துச் சொன்னார்கள்.

பக்கத்து டவுனில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் “புதுசு வாங்கிக்குங்க” என்று சொல்லிவிட்டார்கள். 400 ரூபாய்க்கு ஒரு சாதாரண கீபோர்டு வாங்கிக் கொடுத்தேன், அம்மா நான்கு நாள் முயன்று பார்த்துவிட்டு விரல் நுனி வலிக்கிறது என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

என்னிடம் இருப்பது பாலிடெக்னிக்கில் வாங்கிய மல்டிமீட்டர் மட்டும்தான். சால்டரிங் கொஞ்சம் பழகியிருக்கிறேன், அயர்ன் இல்லை. 800 ரூபாய்க்கு மேல் இப்போது முடியாது. கேட்க நினைப்பவை: எஃப், எச் இரண்டையும் எப்படிச் சரிசெய்வது? ஸ்பேஸ்பார் ஒரு பக்கம் அழுத்தினால் இழுத்துப் பிடிக்கிறது. இன்னொன்று, அடுத்து லேப்டாப்புக்கு மாறப் போகிறோம், 60 ரூபாய்க்கு ஒரு பச்சை நிற யூஎஸ்பி மாற்றி வாங்கிப் போட்டேன், லைட் கூட எரியவில்லை. கீபோர்டே போய்விட்டதா?

தகரடப்பா

தம்பி, கீபோர்டு போகவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். யூஎஸ்பி விஷயத்தை வேறு யாராவது சொல்வார்கள், நான் ஸ்விட்ச் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பின்மூடியைக் கழற்றி, போர்டின் அடிப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு பழைய கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். கம்ப்யூட்டரை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும், பிஎஸ்/2 ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கிச் செருகுகிற சங்கதி அல்ல. நோட்பேடைத் திறந்து வைத்து, எஃப் ஸ்விட்சின் இரண்டு சால்டர் புள்ளிகளையும் ட்வீசர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். உள்ளே ஓடுவது 5 வோல்ட்தான், ஷாக் எல்லாம் அடிக்காது. எழுத்து விழுந்தால் ஸ்விட்ச்தான் கெட்டிருக்கிறது. விழவில்லை என்றால் ட்ரேஸ், அதாவது போர்டில் ஓடும் செம்புக் கோடு, அரித்திருக்கிறது, அது வேறு வைத்தியம். ஒரே வரிசையில் நான்கைந்து கீ சேர்ந்து செத்திருந்தால் எனக்குக் கவலை வந்திருக்கும். உங்களுக்கு அங்கொன்று இங்கொன்று, ஆகையால் ஸ்விட்ச் என்றே நினைக்கிறேன்.

ஸ்விட்ச் என்று தெரிந்ததும் உடனே அயர்னை எடுக்காதீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், ஐபிஏ என்று கேட்டாலே தருவார்கள். கீகேப்பை எடுத்துவிட்டு, நீலத் தண்டை அமுக்கிப் பிடித்து, ஓரத்தில் இரண்டு மூன்று சொட்டு விட்டு ஐம்பது அறுபது தடவை தட்டுங்கள். காயவிட்டு மறுபடியும் ஒரு சுற்று. டீயில் இருக்கிற சர்க்கரைதான் உள்ளே தகட்டின் மேல் பிசுபிசு என்று படிந்திருக்கும். செர்ரியின் தொடுபுள்ளி தங்கக் கலவை, அது துருப்பிடிப்பது அரிது, மேலே படிந்த அழுக்கு போனால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். எச் கீ இரட்டை விழுவதும் பெரும்பாலும் இதே கதைதான், தொடுபுள்ளி ஒரே மூச்சில் ஒட்டாமல் நடுங்குகிறது. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், பூட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரே, இவை எதுவும் உள்ளே போகக் கூடாது. அன்றைக்கு வழுக்கும், ஆறு மாதத்தில் தூசியைச் சேர்த்துக்கொண்டு மாவாகிவிடும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் புது ஸ்விட்ச் தேடி அலைய வேண்டாம். உதிரிப் பாகம் உங்கள் கீபோர்டிலேயே இருக்கிறது. ஸ்க்ரோல் லாக், பாஸ்/பிரேக் (Pause) கீ, இரண்டையும் அம்மா இத்தனை வருடத்தில் எத்தனை தடவை தட்டியிருப்பார்? அதே செர்ரி, அதே வயது, ஆனால் உழைக்காதது. அந்த இரண்டையும் கழற்றி எஃப், எச் இடத்தில் போடுங்கள். கெட்டதை ஸ்க்ரோல் லாக் இடத்தில் வைத்துவிடலாம், இடம் வெறுமையாகத் தெரியாது.

புதுப்பலகை

என் கருத்து வேறு. பதினெட்டு வருடம் ஆன ஸ்விட்சை மாற்றிப் போட்டு எவ்வளவு நாள் ஓட்ட முடியும்? செர்ரி மாதிரியே இருக்கும் இன்னொரு கம்பெனி ஸ்விட்ச், அவுடெமு ப்ளூ, மொத்தமாக வாங்கினால் ஒன்று 15 ரூபாய் சுற்றளவில் வருகிறது, கால்கள் செர்ரியின் துளையிலேயே உட்காரும். மொத்தத்தையும் மாற்றிவிட்டால் இன்னொரு பத்து வருடம் கவலை இல்லை. பட்ஜெட் தாண்டும்தான், இரண்டு தவணையாகச் செய்யுங்கள், முதலில் எழுத்துக் கீகள், அப்புறம் மற்றவை.

தட்டச்சுக்காரி

புதுப்பலகை சொல்வதை நான் செய்து பார்த்திருக்கிறேன், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். நானும் டிடிபிதான், மதுரை. செர்ரி ப்ளூவுக்கு 50 கிராம் அளவுக்கு அழுத்தம் போதும், பாதி தூரத்திலேயே க்ளிக் கேட்டுவிடும், முழுவதும் நான்கு மில்லிமீட்டர். நான் போட்ட அவுடெமு கொஞ்சம் கனம், சத்தமும் வேறு மாதிரி, கூர்மையாக இருக்கும். தனியாக ஒரு கீபோர்டு முழுக்க அதுவே இருந்தால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாதி செர்ரி பாதி அவுடெமு என்று கலந்தபோது ‘க’வில் ஒரு கனம், பக்கத்தில் ‘ப’வில் இன்னொரு கனம், விரல் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி விழுந்தது. அம்மா கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கிறவர் என்கிறீர்கள், அவருக்கு இது இன்னும் தெரியும். செர்ரி ப்ளூவுக்குக் கம்பெனி சொல்கிற ஆயுள் 5 கோடி அழுத்தம், ஸ்க்ரோல் லாக் கீ ஐயாயிரத்தைக்கூடத் தொட்டிருக்காது. தகரடப்பா அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எச் இரட்டை விழுவதற்கு, அடுத்தடுத்து விழும் ஒரே எழுத்தைத் தள்ளிவிடும் ஃபில்டர் கீஸ் வசதியை விண்டோஸில் போடச் சொல்லி யாராவது வருவார்கள். அதில் குறைந்தபட்ச இடைவெளியே அரை வினாடி. ‘பக்கம்’ என்று அடிக்க நாம் வேண்டுமென்றேதான் ‘க’வை இரண்டு தடவை தட்டுகிறோம், அதையும் அது தின்றுவிடும். தமிழ்99 அடிக்கிறவருக்கு அது உதவாது.

கீகேப்பு பற்றி. முதலில் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எது எங்கே என்று பின்னால் தலை சுற்றும். பிடுங்குவதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டாம், தடித்த பேப்பர் க்ளிப் இரண்டை நிமிர்த்தி, நுனியை உள்பக்கமாகக் கொக்கி போல வளைத்து, எதிரெதிர் மூலையில் மாட்டி நேராக மேலே இழுங்கள். சாய்த்து இழுத்தால் தண்டு ஒடியும். ஸ்பேஸ்பாரை மட்டும் இப்படி இழுக்கக் கூடாது, அடியில் ஒரு கம்பி குறுக்கே ஓடும், இரண்டு பக்கமும் அது மாட்டியிருக்கும் இடத்தைப் பார்த்து மெதுவாக விடுவியுங்கள். இழுத்துப் பிடிப்பது அந்தக் கம்பியால்தான். கம்பியைத் துடைத்து, தட்டையான தரையில் வைத்துப் பாருங்கள், ஒரு முனை தூக்கி நின்றால் வளைந்திருக்கிறது என்று அர்த்தம், கையாலேயே நேராக்கலாம். அப்புறம் கம்பி உரசும் இரண்டு மூலையிலும் சிலிக்கான் கிரீஸ் குண்டூசித் தலை அளவு போதும்.

கேப்புகளை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு ராத்திரி ஊறப் போடுங்கள். கொதிநீர் வேண்டாம், கோணிக்கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் கவிழ்த்து நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும், உள்ளே கூட்டல் குறிக் குழியில் தண்ணீர் நின்றுவிடும், அதை மறக்காதீர்கள். கறை போகவில்லை என்று நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கம் போகவே கூடாது, பிளாஸ்டிக்கே கரைந்துவிடும்.

நாலுகம்பி

யூஎஸ்பி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பச்சைத் துண்டுக்குள் சிப் எதுவும் கிடையாது, வெறும் கம்பி இணைப்பு. பிஎஸ்/2-வில் க்ளாக், டேட்டா என்று இரண்டு கம்பியில் கீபோர்டு ஒரு பாஷை பேசும், யூஎஸ்பியில் பேசுவது முழுக்க வேறு பாஷை. இரண்டு பாஷையும் தெரிந்த சிப் கீபோர்டுக்குள் இருந்தால்தான் அந்தத் துண்டு வேலை செய்யும். உங்களுடையது பிஎஸ்/2 மட்டும் தெரிந்தது போலிருக்கிறது, அதனால்தான் அமைதியாக இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் வேலை செய்கிறது என்றால் கீபோர்டுக்கு ஒன்றுமில்லை.

இரண்டு வழி. எளிதானது, நடுவில் சிப் வைத்த மாற்றி. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் ஊதா ஒன்று பச்சை ஒன்று என இரண்டு உருண்டை சாக்கெட்டோடு குட்டி வால் மாதிரி இருக்கும், கீபோர்டு ஊதாவில் போகும். திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்குங்கள், சிலது வேகமாக அடித்தால் எழுத்தை விழுங்கும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. ஏடிமெகா32யூ4 சிப் இருக்கிற ப்ரோ மைக்ரோ போர்டு ஒன்று. கீபோர்டிலிருந்து வருவதில் நமக்குத் தேவை நான்கே கம்பி, 5 வோல்ட், கிரவுண்ட், டேட்டா, க்ளாக். பிளக்கில் 1 டேட்டா, 3 கிரவுண்ட், 4 ஐந்து வோல்ட், 5 க்ளாக், 2-ம் 6-ம் சும்மா இருக்கும். கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். டேட்டாவுக்கும் க்ளாக்குக்கும் 5 வோல்ட்டோடு ஆளுக்கொரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதில் டிஎம்கே (TMK) என்கிற இலவச கீபோர்டு மென்பொருளின் பிஎஸ்/2 மாற்றியை ஏற்றினால் போதும். கூடுதல் லாபம், எந்த கீ என்ன எழுத்து என்பதை அந்தப் போர்டிலேயே மாற்றி வைக்கலாம், லேப்டாப்பில் எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் 800 ரூபாயில் அயர்னும் வாங்கி இதையும் வாங்குவது இறுக்கம். முதலில் கீபோர்டு பிழைக்கட்டும், லேப்டாப் வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

காலண்டர்தாள்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது எறும்பு. செத்துக் காய்ந்த சின்ன எறும்புகள், எஃப் முதல் ஜே வரைக்கும் டீ ஓடிய பாதையிலேயே வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. பிரஷ்ஷால் தட்டி, ஐபிஏ நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். ட்வீசர் சோதனையில் எஃப் உடனே விழுந்தது, ஆக ட்ரேஸ் நன்றாக இருக்கிறது. ஐபிஏ விட்டுத் தட்டியதில் எச் முழுவதும் சரியாகிவிட்டது, நோட்பேடில் ஐந்நூறு ‘க’ அடித்துப் பார்த்தேன், ஒன்றுகூட இரட்டையாக விழவில்லை. எஃப் மட்டும் மூன்று சுற்று விட்டும் எழவில்லை.

சரி என்று 25 வாட் அயர்ன், இளகிய சால்டரை உறிஞ்சும் டீசால்டர் பம்ப், கொஞ்சம் சால்டர் வாங்கிக்கொண்டு ஸ்க்ரோல் லாக்கை முதலில் கழற்றினேன், அது அழகாக வந்துவிட்டது. எஃப் கழற்றும்போது ஒரு கால் வரவே இல்லை, நீண்ட நேரம் சூடு வைத்து இழுத்ததில் செம்பு வளையமும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. இப்போது அந்தத் துளையைச் சுற்றி வெறும் போர்டுதான் தெரிகிறது. இரண்டு நாளாகத் தொடவில்லை. கெடுத்துவிட்டேனா?

தகரடப்பா

கெடவில்லை தம்பி. பேட், அதாவது அந்தச் செம்பு வளையம், தூக்குவது பழைய போர்டில் எல்லோருக்கும் நடப்பதுதான். அடுத்த தடவைக்கு ஒரு விஷயம்: பழைய சால்டர் இறங்கவில்லை என்றால் சூட்டைக் கூட்டாமல், அதன் மேலேயே புது ஈயச் சால்டர் கொஞ்சம் ஏற்றுங்கள். 60/40 கம்பி 183 டிகிரியில் இளக ஆரம்பித்துவிடும், பழையதோடு கலந்து இரண்டும் சேர்ந்து ஓடும், அப்போது பம்பை வைத்து இழுத்தால் மூன்று வினாடிக்குள் முடியும். கால் துளையில் தளர்வாக ஆடுகிறதா என்று ட்வீசரால் அசைத்துப் பார்த்த பிறகுதான் ஸ்விட்சை இழுக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. தூக்கிய வளையத்திலிருந்து ட்ரேஸ் எங்கே ஓடுகிறது என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பெரும்பாலும் பக்கத்துக் கீயின் ஒரு காலுக்குத்தான் போகும். மீட்டரில் உறுதி செய்யுங்கள். ஸ்க்ரோல் லாக்கிலிருந்து எடுத்த ஸ்விட்சை எஃப் இடத்தில் அமர்த்தி, நல்ல பக்கத்துக் காலைச் சால்டர் செய்யுங்கள். பேட் இல்லாத காலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி, நெட்வொர்க் கேபிளுக்குள் இருக்கிற ஒற்றை இழை போதும், அதை எடுத்து அந்தப் பக்கத்துக் கீயின் காலில் இணைத்துவிடுங்கள். கம்பியின் தோல் முனை வரைக்கும் இருக்கட்டும், நடுவில் வேறு புள்ளியைத் தொடக் கூடாது. ஸ்விட்ச் ஆடாமல் இருக்கிறதா பாருங்கள், ஆடினால் அடியில் பிளாஸ்டிக் கால் பக்கம் ஒரு சொட்டு ஹாட் க்ளூ. தொடுபுள்ளிப் பக்கம் க்ளூ போகக் கூடாது.

தட்டச்சுக்காரி

பழைய கேப்பில் ஏறும் மஞ்சள் நிறத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்து வெயிலில் காய வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எப்படியும் வீடியோ பார்த்து அந்தப் பக்கம் போவீர்கள். வெளுக்கும், உண்மைதான். நம் ஊர் வெயிலில் சூடு ஏறி கேப் கோணுவதும், ஒரு பக்கம் திட்டுத் திட்டாக வெளுப்பதும் நடக்கும், சில வருடத்தில் மஞ்சள் திரும்பியும் வரும். தினமும் வேலை செய்கிற கீபோர்டுக்கு அந்தக் காசைச் செலவு செய்ய வேண்டாம். புது கேப் செட் வாங்கும் ஆசை வந்தாலும் முதலில் உங்கள் என்டர் கீயின் வடிவத்தைப் பாருங்கள், தலைகீழ் எல் மாதிரி பெரியதாக இருந்தால் கடையில் கிடைக்கும் சாதாரண செட்டில் அது வராது.

காலண்டர்தாள்

முடிந்தது. ட்ரேஸ் ஜி கீயின் காலுக்குத்தான் ஓடியது, நெட்வொர்க் கேபிள் இழையைப் போட்டேன், மீட்டர் பீப் அடித்ததும் என் தங்கை கத்தியதில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார். ஸ்பேஸ்பார் கம்பியின் இடது முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றது, நேராக்கி கிரீஸ் வைத்ததும் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இறங்குகிறது. கேப்புகளைக் கழுவியதில் தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்தது. பெராக்சைடு எதுவும் செய்யவில்லை.

செலவு: அயர்ன் 270, பம்ப் 120, சால்டர் 90, ஐபிஏ 130, கிரீஸ் 50. மொத்தம் 660. மிச்சம் 140 ரூபாய் இருக்கிறது, ப்ரோ மைக்ரோவுக்குச் சேர்த்து வைக்கிறேன், நாலுகம்பி அண்ணன், லேப்டாப் வரும்போது உங்களிடம் வருவேன்.

அம்மா உட்கார்ந்து முதலில் எஃப் கீயை மட்டும் பத்துப் பதினைந்து தடவை தட்டிப் பார்த்தார். “இது புதுசு மாதிரி இருக்கே, கொஞ்சம் விறைப்பா இருக்கு” என்றார். பக்கத்தில் இருக்கிற டி, ஜி இரண்டும் பதினெட்டு வருடம் பழகியவை, இது ஸ்க்ரோல் லாக்கில் சும்மா இருந்தது, அந்த வித்தியாசம் அவர் விரலுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. தட்டச்சுக்காரி அக்கா, இது பழகப் பழகச் சரியாகுமா?

தட்டச்சுக்காரி

ஆகும். புள்ளி விழாத பக்கமே கிடையாது, ஒரு மாதத்தில் அது மற்றவற்றோடு சேர்ந்துவிடும். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.